அதே மில்லிமீற்றருக்கு இன்னொரு லென்ஸ்

கமெராவோடு சேர்த்தே தரப்படும் கிட் லென்ஸோடு மிரர்லெஸ் கமெரா வாங்கிய ஒருவர், அடுத்ததாக எதை வாங்கலாம் என்று கொழும்பில் யாரைக் கேட்டாலும் இரண்டு பதில்களில் ஒன்றுதான் கிடைக்கிறது. “50 மி.மீ. எஃப் 1.8 ஒன்று எடுங்கோ, பின்னணி அப்படியே கரைஞ்சு போகும்” என்பது ஒன்று. “தூரத்தில இருக்கிறதைப் பிடிக்க ஒரு ரெலி லென்ஸ் எடுங்கோ” என்பது மற்றது. (மி.மீ. எண் கூடக் கூட லென்ஸ் பிடிக்கும் காட்சி ஒடுங்கித் தூரத்துப் பொருள் பெரிதாகும்; எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலத் திறந்து கூடுதல் வெளிச்சத்தை உள்ளே விடும்.) இரண்டும் அனுபவமுள்ளவர்கள் நல்லெண்ணத்தோடு சொல்பவைதான். ஆயினும் இரண்டுக்கும் அடியில் ஒரே எண்ணம் கிடக்கிறது: கையில் இருக்கும் லென்ஸ் எட்டாத இடத்தையோ, அது தராத தோற்றத்தையோ தருவதாகவே அடுத்த லென்ஸ் இருக்கவேண்டும் என்பது. என்னிடம் இருப்பது 2019 இல் வெளியான சோனி ஏ6400 உம் அதனோடு வந்த 16-50 மி.மீ. சூம் லென்ஸும். அதற்கு அடுத்ததாக நான் வாங்கியது சிக்மாவின் 18-50 மி.மீ. எஃப் 2.8. எண்களை மட்டும் பார்ப்பவர்களுக்கு, இருந்ததையே காசு கொடுத்துத் திரும்ப வாங்கியதாகத் தோன்றுகிறது. அகலப் பக்கத்தில் 2 மி.மீ. இழப்பு வேறு. “ஏன் அதையே திரும்ப வாங்கினீங்கள்?” என்று பலர் கேட்டுவிட்டார்கள். நின்ற நிலையில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் அதற்கு இல்லை என்பதால் எழுதுகிறேன்.

ரெலி லென்ஸின் மீது எனக்கும் ஆசை உண்டு. 2018 இல், ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்ட கொழும்பில் வாழ்பவருக்கு அந்த ஆசை வராமல் இருந்தால்தான் வியப்பு. தலவத்துகொடையில் உள்ள தியசரு பூங்காவிலோ பெத்தகானையிலோ விடியற்காலையில் நின்றால், நீருக்குள் ஒற்றைக் காலில் நிற்கும் பறவைகள் கிட் லென்ஸில் ஒரு புள்ளியாகத்தான் விழும். சோனியின் 70-350 மி.மீ. லென்ஸை இந்தக் கமெராவில் பொருத்தினால் அதன் நீண்ட முனை ஃபுல் ஃபிரேமில் (35 மி.மீ. ஃபிலிமின் அளவுள்ள சென்சரில்) 525 மி.மீ. க்கு ஒப்பாகும், எடை 625 கிராம். ஆனால் எனக்குக் கிடைக்கக்கூடியவை சில வார இறுதிக் காலைகள் மட்டுமே. மற்ற நாட்களில் அது அலுமாரிக்குள் கிடக்கும். கொழும்பின் ஈரக் காற்றில் லென்ஸ் ஒன்று அலுமாரிக்குள் கிடப்பதென்பது பூஞ்சணத்துக்கு இடம் கொடுப்பது. இங்கே அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்தப்படும் லென்ஸ்தான் நீண்டகாலம் வாழ்கிறது. ஆகவே அந்த ஆசையை ஒத்திவைப்பது எனக்குக் கடினமாக இருக்கவில்லை. என்னை நெடுநாள் உறுத்திக்கொண்டிருந்தது 50 மி.மீ. பற்றிய அறிவுரைதான்.

இருட்டிய பிறகு தொடங்கும் நாள்

எடுத்த படங்களின் விபரங்களைக் கணினியில் வரிசைப்படுத்திப் பார், எந்த மில்லிமீற்றரில் அதிகம் எடுத்திருக்கிறாயோ அதற்கேற்ற லென்ஸை வாங்கு என்று சொல்பவர்கள் உண்டு. அது பயனுள்ள வழிதான். ஆனால் இந்தக் கிட் லென்ஸ் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். 16-50 மின்னாற்றலில் இயங்கும் சூம் என்பதால், கமெராவை நிறுத்தி மீண்டும் இயக்கும்போது அது 16 மி.மீ. இல்தான் விழிக்கும். அவசரத்தில் எடுத்த படங்கள் எல்லாம் 16 என்ற எண்ணின் கீழ் குவிந்துகிடக்கும். அந்தக் குவியலைப் பார்த்து, தனக்கு அகலக் கோணம்தான் பிடிக்கும் என்று ஒருவர் முடிவெடுத்தால், அந்த முடிவு அவருடையதன்று, லென்ஸின் மோட்டாருடையது. அந்தப் படங்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தபோது, என் படங்களில் பெரும்பகுதி 20 க்கும் 35 க்கும் இடையில் நின்றது. இதைவிட முக்கியமான செய்தி பக்கத்து நிரலில் இருந்தது. எனக்குப் பிடித்த படங்களில் பல, வெளிச்சம் போதாமல் ஐஎஸ்ஓ எனப்படும் ஒளியுணர்வை 3200, 6400 என்று கூட்டி எடுக்கப்பட்டவை. கன்னத்தில் மணல் தூவியதுபோன்ற இரைச்சலும், அதைத் துடைக்கப்போய்த் தோல் மெழுகாக மாறிய தோற்றமும் அவற்றிலெல்லாம் இருந்தன.

இதற்குக் காரணம் நாம் வாழும் இடம். கொழும்பு ஏறத்தாழ 7 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஆண்டின் எந்த மாதத்திலும் சூரியன் மாலை ஆறு மணியை ஒட்டி மறைந்துவிடும். அதற்குப் பிறகு மேற்கு நாடுகளில்போல நீண்ட அந்திவெளிச்சம் கிடையாது. அலுவலகம் விட்டு, காலி வீதி நெரிசலைக் கடந்து வீடு வந்து சேரும்போது இருட்டிவிடும். வேலைக்குப் போகும் ஒருவர் வார நாட்களில் தன் வீட்டாரைப் படமெடுப்பதென்றால் அது மின்வெளிச்சத்தில்தான். மின்வெளிச்சத்துக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். மலிவான எல்ஈடி விளக்குகளும் பழைய ரியூப் லைட்டுகளும் செக்கனுக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஏற்றஇறக்கம், ஷட்டர் வேகத்தை 1/160 அல்லது 1/250 செக்கன் என்று கூட்டினால் படத்தில் பட்டைகளாகவோ நிறமாற்றமாகவோ வெளிப்படும். 1/100 இலோ 1/50 இலோ நின்றால் பிரச்சினை அடங்கிவிடும். வேலை செய்யும் கை அசைந்துகொண்டிருக்கும் என்பதால் 1/50 போதாது. ஆக, இரவு நேரத்து வீட்டுப் படத்துக்கு ஷட்டர் வேகம் 1/100 என்று ஏறக்குறைய விதிக்கப்பட்டுவிடுகிறது. ஐஎஸ்ஓவைக் கூட்டாதிருக்க மிஞ்சுவது அப்பேச்சர், அதாவது லென்ஸின் திறப்பு, மட்டும்தான். கிட் லென்ஸ் 16 மி.மீ. இல் எஃப் 3.5 திறக்கும், அங்கிருந்து நகர்ந்ததும் எஃப் 4, எஃப் 4.5 என்று சுருங்கி, 50 இல் எஃப் 5.6 இல் போய் நிற்கும்.

இந்த இடத்தில்தான் 50 மி.மீ. எஃப் 1.8 ஐப் பரிந்துரைப்பவர்கள் சொல்வது நியாயமாகப் படுகிறது. எஃப் 5.6 இலிருந்து எஃப் 1.8 க்கு வந்தால் ஒன்பது மடங்குக்கும் சற்று அதிகமான வெளிச்சம். விலையும் மற்ற லென்ஸ்களோடு ஒப்பிட்டால் குறைவு. அந்தப் பரிந்துரை ஃபிலிம் காலத்திலிருந்து வருகிறது, 35 மி.மீ. ஃபிலிமில் 50 என்பது அளவான, எதற்கும் பயன்படக்கூடிய கோணம். அதே லென்ஸ், ஏ6400 இல் உள்ளதுபோன்ற, ஃபிலிமைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சரில் 75 மி.மீ. இன் கோணத்தைத்தான் தரும். இது தெரியாதவர்கள் அல்லர் பரிந்துரைப்பவர்கள். தெரிந்தும், “முகம் எடுக்கிறதுக்கு அது இன்னும் நல்லது” என்கிறார்கள். முகம் மட்டும் எடுப்பதென்றால் அவர்கள் சொல்வது சரி.

சின்னம்மாவின் குசினியில்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், தொடர்மாடியொன்றின் மூன்றாம் மாடியில் என் சின்னம்மா இருக்கிறார். மாலையில் ஓடருக்கு இடியப்பம் அவித்துக் கொடுப்பார். குசினி ஒடுக்கமானது. ஒரு பக்கம் அடுப்பும் மேடையும், எதிர்ப்பக்கம் குளிர்சாதனப் பெட்டி. யன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். தலைக்கு மேலே ஒற்றை ரியூப் லைட். சிவப்பரிசி மாவைக் கொதிநீர் விட்டுக் குழைத்து உரலில் அடைத்து, இரண்டு கைகளாலும் அமுக்கித் தட்டின் மேல் சுழற்றும்போது அவருடைய முழங்கை உயர்ந்து தாழும். பார்வை தட்டை விட்டு விலகாது. கீழுதடு சற்று உள்ளே மடிந்திருக்கும். மா இறுகியிருந்தால் அந்த உதட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். நான் எடுக்க விரும்பியது அதைத்தான்: அமுக்கும் கையையும், அந்த அமுக்கம் தெரியும் முகத்தையும்.

அலுவலக நண்பர் ஒருவரிடம் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஒரு மாலை அங்கே போனேன். குளிர்சாதனப் பெட்டியில் முதுகு ஒட்ட நின்றாலும் எனக்கும் அவருக்கும் இடையில் ஏறத்தாழ 1.2 மீற்றர்தான் இருந்தது. இந்தச் சென்சரின் அகலம் 23.5 மி.மீ.; அந்தத் தூரத்தில் 50 மி.மீ. லென்ஸ் பிடிக்கக்கூடியது ஏறத்தாழ 56 செ.மீ. அகலமான காட்சி. முகத்தை வைத்தால் கை வெட்டுப்பட்டது. கையை வைத்தால் கழுத்துக்கு மேலே எதுவும் இல்லை. கமெராவை நிமிர்த்திப் பிடித்து ஒருவாறு இரண்டையும் அடக்கியபோது வேறொரு சிக்கல் தெரிந்தது. எஃப் 1.8 இல், அந்தத் தூரத்தில் கூர்மையாக விழும் ஆழம் ஏறத்தாழ 4 செ.மீ. தான். உரலைப் பிடித்த விரல்கள் நகக்கண் வரை தெளிவாக இருந்தன; அவற்றுக்கு ஓரடி பின்னால் இருந்த முகம் கரைந்து போயிருந்தது. எல்லாரும் புகழ்கிற அந்தக் கரைதல்தான். கரைந்தது என் சின்னம்மாவின் முகம்.

நான் அங்கும் இங்கும் சாய்ந்து நின்று எடுப்பதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு அவர் உரலை மேடையில் வைத்தார். “கையைப் பிடிக்கிறியோ, முகத்தைப் பிடிக்கிறியோ, சொல்லு பிள்ளை. அதுக்கேற்ற மாதிரி நிக்கிறன்” என்றார். உதவும் எண்ணத்தோடு சொன்னதுதான். சொல்லிவிட்டு, உரலைத் தூக்கிக் கன்னத்துக்கு அருகே பிடித்துக்கொண்டு, கமெராவை நேராகப் பார்த்து நின்றார்.

அந்த நிற்கும் விதம் எனக்குப் பழக்கமானது. எங்கள் குடும்பத்தில் எஞ்சியிருக்கும் பழைய படங்கள் எல்லாவற்றிலும் எல்லாரும் அப்படித்தான் நிற்கிறார்கள். 1983 இல் கொழும்பை விட்டும் 1995 இல் யாழ்ப்பாணத்தை விட்டும் வெளியேறியவர்கள் எத்தனை பேரின் ஆல்பங்கள் வீட்டோடு போயின என்பதை இதைப் படிப்பவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. தப்பியவை பெரும்பாலும் அடையாள அட்டைக்கும் கடவுச்சீட்டுக்கும் எடுத்தவை, கலியாணப் படங்கள், ஸ்ரூடியோவில் திரைச்சீலைக்கு முன்னால் கதிரையில் கை வைத்து நின்றவை. அம்மம்மாவின் முகம் எனக்கு அந்தப் படங்களிலிருந்து தெரியும். அவர் பனங்கிழங்கு கிழித்ததையும் பாய் இழைத்ததையும் அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேனே தவிர, வேலை செய்யும் அம்மம்மா ஒரு படத்திலும் இல்லை. ஸ்ரூடியோக்காரர் நிற்கச் சொன்னபடி எல்லாரும் நின்றிருக்கிறார்கள். இப்போது என் கையில் இருந்த லென்ஸும் சின்னம்மாவை வேலையை நிறுத்திவிட்டு நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தது. அன்று மாலையே எனக்கு விடயம் தெளிந்துவிட்டது. எனக்குத் தேவை, அவரை ஒன்றும் கேட்காத லென்ஸ். அந்தக் குசினியில், அந்த வெளிச்சத்தில், அவர் தன் வேலையைத் தன்பாட்டில் செய்துகொண்டிருக்க, முகத்தையும் கையையும் ஒரே சட்டத்துக்குள் தெளிவாகக் கொண்டுவரக்கூடியதாக அது இருக்கவேண்டும்.

23 மி.மீ., எஃப் 2.8

இந்த நிபந்தனையை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் தெரிவு தானாகவே சுருங்குகிறது. முதலில் என் கண் சிக்மாவின் 30 மி.மீ. எஃப் 1.4 மீது போனது. 2016 இல் வந்த லென்ஸ், 265 கிராம், இந்தக் கமெராவுக்கு அதைவிட நல்ல மலிவான பிரைம் (சூம் இல்லாத) லென்ஸ் இல்லை என்று பலர் சொல்வதில் உண்மை இருக்கிறது. 1.2 மீற்றரில் அது ஏறத்தாழ 94 செ.மீ. அகலத்தைப் பிடிக்கும். ஆனால் எஃப் 1.4 இல் தெளிவான ஆழம் 9 செ.மீ. அளவுதான். கைக்கும் முகத்துக்கும் இடையிலுள்ள ஓரடியும் தெளிவாக வேண்டுமென்றால் அப்பேச்சரை எஃப் 4.5 ஐத் தாண்டி மூடவேண்டும். எஃப் 1.4 க்காக வாங்கிய லென்ஸை எஃப் 4.5 இல் வைத்து எடுப்பதென்றால், கிட் லென்ஸ் நின்ற இடத்துக்கே திரும்பிவருகிறோம். இதுதான் என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது. அறை சிறிதாகி, ஆள் கிட்ட வர வர, பெரிய அப்பேச்சரின் வெளிச்சத்தை நாம் முழுதாகப் பயன்படுத்த முடியாது. ஆழம் அதைத் தடுத்துவிடும்.

மாறாக, லென்ஸ் சற்று அகலமாக இருந்தால் ஆழம் தானே கூடுகிறது. சிக்மா 18-50 ஐ 23 மி.மீ. இல், எஃப் 2.8 இல் வைத்தால், அதே 1.2 மீற்றரில் கூர்மையான ஆழம் ஏறத்தாழ 30 செ.மீ.; பிடிக்கும் அகலம் 1.2 மீற்றரை ஒட்டியது. கையும் முகமும் அடுப்பில் ஆவி பறக்கும் பானையும் அதற்குள் அடங்கும். (கிட்ட நின்று எடுத்தால் கை பெரிதாகத் தெரியாதா என்று ஒருவர் கேட்டார். கை 90 செ.மீ. இலும் முகம் 120 செ.மீ. இலும் இருந்தால் கை மூன்றிலொரு பங்கு பெரிதாகத்தான் தெரியும், எந்த லென்ஸைப் போட்டாலும். அதைத் தீர்மானிப்பது நாம் நிற்கும் தூரம். இடியப்பம் பிழியும் ஒருவரின் கை முகத்தைவிடச் சற்றுப் பெரிதாகத் தெரிவதில் எனக்கு எந்தக் குறையும் படவில்லை.) கிட் லென்ஸோடு ஒப்பிட்டால் இந்த இடத்தில் கிடைக்கும் இலாபம் ஒரு ஸ்டொப்பை (வெளிச்சம் இரு மடங்காவதை) விடச் சற்று அதிகம் மட்டுமே என்பதையும் சொல்லவேண்டும். ஐஎஸ்ஓ 6400 இல் எடுத்த படத்தை 2500 இல் எடுக்கலாம். எண்ணாகப் பார்த்தால் பெரிதாகத் தோன்றாது. சின்னம்மாவின் புறங்கைத் தோலின் சுருக்கங்கள் தோலாகத் தெரிவதற்கும் மெழுகாகத் தெரிவதற்கும் இடையிலான வேறுபாடு சரியாக அங்கேதான் இருக்கிறது. 50 மி.மீ. முனைக்குப் போனால் எஃப் 5.6 க்குப் பதில் எஃப் 2.8, அதாவது நான்கு மடங்கு வெளிச்சம். மூலைகளின் தெளிவில் இரண்டுக்கும் உள்ள தூரம் இதைவிட அதிகம்.

ஒன்றை இழக்கிறோம். கிட் லென்ஸில் அசைவுத் தாங்கி உண்டு. சிக்மா 18-50 இல் இல்லை. ஏ6400 இன் உடலுக்குள்ளும் இல்லை. கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசுவரர் கோயிலின் கருங்கல் மண்டபத்தில், விளக்கொளியில் தூணையும் சிற்பத்தையும் 1/15 இல் கையில் பிடித்து எடுப்பவருக்கு இது உண்மையான இழப்பு. மனிதர்களை எடுக்கும்போது நிலைமை வேறு. அசைவுத் தாங்கி என் கையின் நடுக்கத்தைத்தான் தடுக்கும். சின்னம்மாவின் கை அசைவதை அது தடுக்காது. 1/100 இல் நிற்கவேண்டியவருக்கு அது இல்லாதது பெரிதாக உறுத்துவதில்லை. அசைவுத் தாங்கியும் வேண்டும், எஃப் 2.8 உம் வேண்டும் என்பவர்களுக்கு டம்ரோனின் 17-70 இருக்கிறது, 525 கிராம். சிக்மா 290 கிராம். அந்தக் குசினியில் என் முகத்துக்கு முன்னால் நீளமான ஒரு குழாயை நீட்டிக்கொண்டு நிற்க நான் விரும்பவில்லை.

விலையும் ரோர்ச் லைட்டும்

சிக்மா இந்த லென்ஸை 2021 ஒக்ரோபரில் அறிவித்தபோது அமெரிக்க விலை 549 டொலர். அன்று டொலர் 200 ரூபாவளவில் நின்றது. வரிகளைச் சேர்க்காமல் ஏறத்தாழ 110,000 ரூபா. 2022 இன் நெருக்கடிக்குப் பிறகு, 300 ரூபாவை ஒட்டிய கணக்கில் அதே டொலர் விலை 165,000 ரூபாவாயிற்று. 2024 சனவரியிலிருந்து வற் வரி 18 சதவீதம். இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த ஆண்டுகளில் காசு இருந்தாலும் பொருள் இல்லாமல் இருந்ததை நினைத்தால், இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள்ளாவது பார்க்க முடிகிறது. கனடாவிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லி எடுப்பது ஒரு வழி. உத்தரவாதம் இங்கே செல்லுமா என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளவேண்டும். நான் குடும்பத்தோடு வெளிநாடு புறப்படவிருந்த ஒருவரிடம் பாவித்ததை வாங்கினேன்.

கொழும்பில் பாவித்த லென்ஸ் வாங்குபவர் சோதிக்கவேண்டியவற்றில் முதலாவது பூஞ்சணம். இரண்டு மூடிகளையும் கழற்றிவிட்டு, தொலைபேசியின் ரோர்ச் லைட்டை ஒரு முனையிலிருந்து சரிவாகப் பாய்ச்சி மறுமுனை வழியாகப் பார்த்தால், கண்ணாடியில் சிலந்தி நூல்போலக் கிளைவிட்டுப் பரவியிருக்கும் கோடுகள் தெரியவரும். தூசி இருந்தால் பொருட்படுத்தவேண்டாம். நூல் தெரிந்தால் எவ்வளவு மலிவாகச் சொன்னாலும் வேண்டாம். அது கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். சுத்தப்படுத்தினாலும் தடம் நிற்கும். லென்ஸ் கமெராவில் பொருந்தும் மவுண்டையும் இரண்டு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். இதே லென்ஸ் எல் மவுண்டிலும் ஃபூஜி எக்ஸ் மவுண்டிலும் கெனன் ஆர்எஃப் மவுண்டிலும் வருகிறது. தோற்றம் ஏறக்குறைய ஒன்றுதான், ஒன்றை மற்றதாக மாற்ற முடியாது.

இப்போது சின்னம்மா வீட்டுக்குப் போனால் கமெராவைப் பையிலிருந்து உடனே எடுப்பதில்லை. ஏசி வாகனத்திலிருந்து இறங்கிய கையோடு, ஆவி நிறைந்த குசினிக்குள் எடுத்தால் முன்கண்ணாடி வெளுத்துவிடும். ஒரு தேநீர் குடித்து முடிக்கும் வரை பை மூடியே இருக்கும். அதற்குள் அவர் மாவைக் குழைத்துவிடுவார். 23 மி.மீ., எஃப் 2.8, 1/100 என்று வைத்துவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் சாய்ந்து நிற்கிறேன். எப்படி நிற்கவேண்டும் என்று அவர் இப்போது கேட்பதில்லை. ஓடர் எத்தனை தட்டு என்பதுதான் அவருடைய கவலை. பழைய 16-50 ஐ நான் விற்கவில்லை. 116 கிராம் எடையும் அசைவுத் தாங்கியும் உள்ள அது கோயிலுக்கும் மழைநாள் நடைக்கும் போதும். அடுத்த காசு ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்திருக்கும் மின்பெட்டிக்கு. கடலுக்கு இவ்வளவு கிட்ட இரண்டு லென்ஸ்களை அலுமாரித் தட்டில் வைத்துக்கொண்டு பறவைகளுக்காக மூன்றாவதைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.